மாதிரி உடம்பு

சந்தனமாரிக்கு நோய் குணமாகிவிட்டது என்று சால்வை போட்ட அன்று, அவளுக்கு மாதவிலக்கு நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது.

உப்பளத்து ஆபீஸ் வாசலில் பந்தல். கம்பெனி ஆட்கள் நாலு பேர் நாற்காலியில் இருந்தார்கள். டாக்டர் தமயந்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இருபத்தோரு நாள்ல, ஒரு சொட்டு மருந்துகூட இல்லாம, இவங்க உடம்பு தானாவே சரியான நிலைக்கு வந்திருக்கு. இந்தத் திட்டத்தோட முதல் வெற்றி இவங்கதான்" என்றாள். உப்பு வாரும் பெண்கள் கைதட்டினார்கள். சந்தனமாரி சால்வை நுனியால் தாடையை மறைத்துக்கொண்டாள். காலையில் பிளேடு போட்டது, அதற்குள் சொரசொரத்தது.

படித்த டாக்டர் சொல்கிறாள், மெஷின் சொல்கிறது, இல்லை என்று சொல்ல நாம் யார் என்று பேசாமல் நின்றாள். குணமானவர்களுக்கு முதல் செட்டில் வேலை தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். ஒரு செட்டுக்கு இருபத்திரண்டு பெண்கள். முதல் செட்டுக்கு வேலை தப்பாது.

தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள அந்த உப்பளத்துக்கு இரண்டு தடவை உப்பு வாரும் இயந்திரம் கொண்டுவந்து பார்த்தார்கள். முதல் இயந்திரத்தை உப்புக்காற்று எட்டு மாதத்தில் தின்றது. இரண்டாவதை ஆறு மாதத்தில் தின்றது. ஒரு பெண்ணைத் தின்ன அதற்கு இருபது வருடம் வேண்டியிருந்தது. கம்பெனி பெண்களிடமே திரும்பி வந்தது. ஆனால் பெண்களுக்கு நோய் வந்தது. மூன்றில் ஒருத்திக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. உடம்பு ஊதும், சோறு தின்றதும் கண் சொருகும், மாதவிலக்கு நாலு மாதம் வராது, வந்தால் பதினைந்து நாள் நிற்காது. அப்படித்தான் கட்டு வந்தது.

கட்டு என்பது மேல்கையில் மாட்டும் இரண்டு விரல் அகல ரப்பர் பட்டை. வேர்வையைக் குடித்து உடம்பைப் படிக்கும். உள்பக்கம் பசை மாதிரி மருந்து இரண்டு பைகளில் இருக்கும். எது வேண்டுமோ அதைத் தோல் வழியாக விடும்.

முதல் நாள் டாக்டர் உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டில் பெண்களை உட்காரவைத்து விளக்கினாள்.

"உங்க வேர்வைய வச்சே சர்க்கரை எப்படி, இன்சுலின் எவ்வளவு, ஆண் ஹார்மோன் எவ்வளவுன்னு இது கண்டுபிடிச்சுடும்."

"ஆம்பள சமாச்சாரம் எங்களுக்கு எதுக்கும்மா? வீட்ல கெடக்குறது ஒன்னே போதாதா?" என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தாள்.

"எல்லாப் பொண்ணுங்க உடம்புலயும் கொஞ்சம் உண்டு. கூடினா ஏத்தம், குறைஞ்சா இறக்கம். ஒரு பையில இறக்குற மருந்து, இன்னொண்ணுல ஏத்துற மருந்து. ஆனா எது சரியான அளவுன்னு மெஷினுக்குத் தெரியாது. நாமதான் காட்டணும். இதே வெயில்ல இதே வேலை பாக்குற, மாசம் தப்பாத ஒரு உடம்பு வேணும். மாதிரிக்கு."

இருபது கைகள் சலேத்மேரியைக் காட்டின. மூன்று பிள்ளை பெற்றவள், முப்பத்திநாலு வயது.

"காலண்டரே இவளப் பாத்துத்தாம்மா அச்சடிக்கான்" என்றாள் சந்தனமாரி.

"போட்டி, ஒனக்கு வேற வேலையில்ல" என்று சலேத்மேரி வெட்கப்பட்டாள். ஆனாலும் கையை நீட்டினாள். அவளுக்கு முப்பத்தேழாம் நம்பர் கட்டு. அதில் மருந்துப் பை கிடையாது. படிக்க மட்டும்தான். இருபத்தோரு நாள் அவளைப் படித்துவிட்டு, அதன்பிறகு மற்ற உடம்புகளை அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது மெஷினுக்கு இட்ட வேலை.

மூன்றாம் நாள் மணப்பாட்டிலிருந்து போன் வந்தது. சலேத்மேரியின் அம்மாவுக்குப் பக்கவாதம். உடனே கிளம்ப வேண்டும். அப்போது ஆபீஸில் வருகைப் பதிவையும் அந்தக் கட்டிலேயே சேர்த்திருந்தார்கள். கேட்டில் கட்டு காட்டினால்தான் அன்று ஆள் வந்ததாக அர்த்தம்.

அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி வர முடியாவிட்டால் மற்றவள் அவள் பெயருக்கும் குரல் கொடுப்பாள். அவளுடைய உப்புப் பெட்டிகளையும் செட்டு சேர்ந்து சுமந்துவிடும். பிரசவம், சாவு, காய்ச்சல் எல்லாம் அப்படித்தான் கடந்தன. இதை யாரும் ஏமாற்று என்று நினைத்ததில்லை. சலேத்மேரி பஸ் ஏறும்போது கட்டைக் கழற்றிச் சந்தனமாரி கையில் கொடுத்தாள். சந்தனமாரி தன் கட்டை இடது கையிலும் அவள் கட்டை வலது கையிலும் மாட்டிக்கொண்டாள். சட்டைக் கை நீளமானது, வெளியே தெரியவில்லை. பதினேழு நாள் அப்படியே வேலை செய்தாள்.

அந்தப் பதினேழு நாளில் யார் உடம்பு மெஷினுக்குள் போகிறது என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அவளுக்கு அது ஒரு ஆஜர் சீட்டு.

பத்து மாதம் போனது.

நோய் இல்லாதவர்களுக்கும் கட்டு வந்தது. முன்னெச்சரிக்கைக்கு என்றார்கள். கேட்டைத் திறப்பதே கட்டுதான் என்று ஆனபிறகு வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. பக்கத்து அளங்களுக்கும் போனது. கடலோரம் முழுவதும் நாலாயிரம் கைகளில் கட்டு இருந்தது.

அளத்தின் ஓரத்தில் பெண்கள் மாதவிலக்கு நாளில் துணி மாற்றிக்கொள்ள ஒரு ஓலைக் கொட்டகை இருந்தது. சங்கம் வைத்துப் போராடி வாங்கிய கொட்டகை. அதன் பக்கம் இப்போது யாரும் போவதில்லை. கணக்கப்பிள்ளை ராஜமணி தன் மோட்டார் சைக்கிளை அதற்குள் நிழலுக்கு நிறுத்த ஆரம்பித்தார். ஒருத்திகூட ஏன் என்று கேட்கவில்லை.

ஆளுக்கு எண்பது பெட்டி சுமந்த இடத்தில் நூற்றிருபது சுமந்தார்கள். லீவு கேட்பவர் இல்லை. இடுப்பு வலி என்று உட்காருபவர் இல்லை. தோளும் கையும் திரண்டன. வயிறும் திரண்டது. பதினொரு மணிக்கெல்லாம் எல்லோருக்கும் ஒன்றாகப் பசித்தது, தூக்குச்சட்டி போதாமல் இரண்டு சட்டி கொண்டுவந்தார்கள். தின்றதும் எல்லோருக்கும் ஒன்றாகக் கண் சொருகியது. கழுத்தின் பின்பக்கம் அழுக்குப் படிந்த மாதிரி கறுப்பு. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"ஏட்டி, ஒனக்கும் ஒம் புருசனுக்கும் ஒரே பிளேடா, தனித்தனியா?"

"அவரு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுதாரு. எனக்குத் தெனமும் வேணும்."

இந்த மாதிரிப் பேச்சுக்கு முதலில் சிரித்தார்கள். பிறகு பேச்சும் நின்றது.

சலேத்மேரிக்கு எதுவும் ஆகவில்லை. அவள் மெலிந்த உடம்போடு, மாதம் மூன்று நாள் வலியோடு, அதே எண்பது பெட்டிதான் சுமந்தாள். கூலி செட்டுக்கு என்று பேசி, பிறகு தலைக்குப் பிரிப்பது. வரிசையில் ஒருத்தி மெதுவாகப் போனால் பின்னால் வருகிறவள் எல்லாம் மெதுவாகத்தான் போக வேண்டும். ஏழாவது மாதம் செட்டிலிருந்து நாலைந்து பேர் ராஜமணியிடம் போய்ச் சொன்னார்கள். அவளை நிறுத்திவிட்டார்கள். சந்தனமாரி போய்ச் சொன்னவர்களோடு சேரவில்லை. வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை.

சந்தனமாரியின் தங்கை இசக்கிக்கு இருபத்திநாலு வயது. கல்யாணமாகி இரண்டு வருடம். முதல் பிள்ளை மூன்றாம் மாதம் கலைந்துபோனது. அக்காளோடு அதே செட்டில்தான் வேலை. நாலு மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. இந்தத் தடவை கரு நின்றுவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். மாமியார் கண்டுபிடித்துப் பால் வாங்கிக் கொடுத்தாள். அப்புறம் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன். பிள்ளை இல்லை.

படத்தை எடுத்துக்கொண்டு நேரே அக்காள் வீட்டுக்கு வந்தாள். சந்தனமாரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கறுப்பு வட்டம். அதன் ஓரம் முழுக்கக் கோத்து வைத்த மாதிரி சின்னச்சின்ன உருண்டைகள்.

அவளிடமும் ஒரு படம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் எடுத்தது. அதைக் காட்டித்தான் அவள் புருசன் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு போனான். துணிப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது.

"யக்கா, கல்யாணத்துக்கு முன்னால எனக்கு ஒருநாள் தப்புனதில்ல. ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"அத்தை ஆறு மாசம் தவணை சொல்லிட்டாவ. அதுக்குள்ள ஒன்னும் நிக்கலன்னா அவருக்கு வேற பாப்பாவளாம்." இசக்கி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "எனக்கும் ஒன்ன மாதிரி ஆயிருமாக்கா?"

சந்தனமாரி இரண்டு படங்களையும் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலையில் பெட்டி சுமந்து வரிசையில் போகும்போது முன்னால் போகிறவர்களைப் பார்த்தாள். திரண்ட தோள், கறுத்த பின்கழுத்து, வகிட்டில் முடி கொட்டி அகன்ற வெள்ளை. இதையெல்லாம் அவள் பதினாறு வயதிலிருந்து கண்ணாடியில் பார்த்து வருகிறாள். தலையிலிருந்த உப்பை அம்பாரத்தில் கொட்டிவிட்டு, பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு டாக்டரின் வேனைத் தேடிப் போனாள்.

டாக்டர் தமயந்தி வேனுக்குள் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "என்ன சந்தனமாரி, வேலை நேரத்துல?"

"டாக்டரம்மா, ஒன்னு சொல்லணும். சொன்னா எங்க செட்டுல யாரையும் வேலையவிட்டு நிறுத்தப்படாது."

"சொல்லுங்க."

"முப்பத்தேழாம் நம்பரு கட்டு இருக்குல்லா, சலேத்து கட்டு. ஆரம்பத்துல இருபத்தோரு நாள் படிக்கணும்னு சொன்னிய. அதுல பதினேழு நாள் அவ இங்கன இல்ல. நாந்தான் போட்டுருந்தேன்."

"எதை?"

"எடது கையில எனக்குள்ளது. வலது கையில அவளுக்குள்ளது."

டாக்டர் கையைக் கழுவாமலே திரையைத் திறந்தாள். பழைய நாட்களைத் தேடி எடுத்தாள். முப்பத்தேழின் கோடும் சந்தனமாரியின் கோடும் வந்தன. ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டாள். இரண்டு கோடு ஒரே கோடாகிவிட்டது.

அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, "இதைத்தான் அதிசயம்னு நான் மூணு மாநாட்டுல பேசினேன்" என்றாள். "மருந்தே இல்லாம குணமாச்சுன்னு."

"எனக்கு ஒன்னும் கொணமாவலம்மா. அன்னைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கேன்."

"இருப்பீங்க. நீங்க எந்த அளவுக்கு வரணுமோ அந்த அளவே நீங்கதானே. உங்ககிட்ட திருத்த என்ன இருக்கு?"

"மத்தவளுவளுக்கு?"

டாக்டர் கையிலிருந்த சாம்பாரைத் துண்டில் துடைத்தாள்.

"இன்சுலின்னு ஒன்னு இருக்குன்னு சொன்னேன்ல. நாம திங்கிற சோத்தை உடம்புக்குள்ள சேக்குற சாவி மாதிரி. உங்க உடம்புல பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணுது. அதனால உடம்பு சாவி மேல சாவியா சுரக்குது. அந்த அதிகப்படி இன்சுலின் சினைப்பைக்குப் போயி, ஆண் ஹார்மோனைக் கூட்டுன்னு சொல்லுது. அது கூடினா முட்டை முழுசாப் பழுக்காது. பாதியில நின்னுடும். அப்படி நின்னு நின்னு சேந்ததுதான் படத்துல தெரியற உருண்டை. மெஷினுக்கு நோய் எது, சுகம் எதுன்னு தெரியாது. இதுதான் சரி, எல்லாரையும் இங்க கொண்டுவான்னு சொன்னோம். கொண்டுவந்துடுச்சு."

"அப்ப எந் தங்கச்சி வயித்துல இருக்கது என் சீக்கா?"

டாக்டர் ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

"கழட்டி எறிஞ்சிரச் சொல்லுதேன் எல்லாரையும்."

"கூடாது. ஏத்துன மருந்தைத் திடீர்னு நிறுத்தினா சர்க்கரை தலைகீழாப் போகும். கிழக்கு அளத்துல ஒரு பொண்ணு கோபத்துல கழட்டிட்டு, பாத்தியிலேயே மயங்கி விழுந்து, ரெண்டு நாள் நினைவே வரல. ஏத்துன மாதிரியே மெஷினே படிப்படியா இறக்கணும். அதுக்குச் சரியான மாதிரி வேணும்."

அவள் கம்பெனிக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் ஒரு ஆண்குரல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. "டாக்டர், பதினேழு வருஷத்துல இந்த சீசன் மாதிரி உப்பு எடுத்ததில்ல. ஒரு பொம்பள சொல்றான்னு நாலாயிரம் பேருக்கு நான் எதையும் மாத்த முடியாது. சரியான மாதிரின்னு ஒன்னு உங்ககிட்ட இருந்தா கொண்டுவாங்க. மெடிக்கல் கமிட்டி பாக்கும்" என்றது. கோபப்படவே இல்லை. சந்தனமாரிக்கு அதுதான் பயமாக இருந்தது.

போனை வைத்துவிட்டு டாக்டர் கேட்டாள். "சலேத்மேரி எங்க? இப்ப கேட்டுல அவங்க நம்பர் வரலியே."

"வேகம் பத்தலன்னு நிறுத்திட்டாவ."

"அவங்க கட்டுல மருந்து கிடையாது. இந்தக் கடலோரத்துல வேலை பாத்த பொண்ணுங்கள்ல மருந்து தொடாத உடம்பு அவங்க ஒருத்தங்கதான். கமிட்டி அனுமதியும் அவங்க பேர்லயே இருக்கு. வேற ஊர்ல ஆள் தேடிப் புது அனுமதி வாங்கணும்னா ஒரு வருஷம் ஆகும். அவங்க வந்தா நாளைக்கே ஆரம்பிக்கலாம். அளத்துல இருபத்தோரு நாள் வேலை பாத்தா போதும். ஆறு மாசத்துல உங்க தங்கச்சிக்கு மறுபடி சரியா வரலாம்."

இசக்கிக்கு இருந்த தவணையும் ஆறு மாதம்தான். சந்தனமாரி வேனைவிட்டு ஓட்டமாக இறங்கினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரத்துக்கு சலேத்மேரியின் வீட்டுக்குப் போனாள். மாதா கோவிலுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. சலேத்மேரி வாசலில் நின்று தண்ணீர்க் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு குடம், இரண்டு இடுப்பிலும். சந்தனமாரி அவளை ஒரு கணம் வேறு யாரோ என்று நினைத்தாள்.

"வா மாரி. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"நல்லா இருக்கியாளா?"

"இருக்கேன். கெழக்கு அளத்துல வேல. நூத்திமுப்பது பெட்டி." சலேத்மேரி சேலைத் தலைப்பை ஒதுக்கினாள். மேல்கையில் கட்டு.

சந்தனமாரி அதைப் பார்த்தபடியே திண்ணையில் உட்கார்ந்தாள். "இது யாருக்குள்ளது?"

"மாலத்தீவுக்கு வீட்டு வேலைக்குப் போனாள்ல கில்டா, அவளுக்குள்ளது. வேலை கேட்டு எங்கன போனாலும் கட்டு இருக்கான்னுதான் கேக்கான். முப்பத்தேழ வாங்கி வச்சிக்கிட்டு நெறுத்திட்டான்லா. கில்டா அம்மாட்ட கெஞ்சி வாங்குனேன். மொத மாசம் கடைசியாத்தான் வந்தேன். ரெண்டாம் மாசம் நடுவுல. இப்ப மொத ஆளு." அவள் குரலில் பெருமை இருந்தது. "மூணு மாசமா தூரமும் இல்ல. சனியன் ஒழிஞ்சுதுன்னு இருக்கேன்."

சந்தனமாரி எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு கைக் கட்டு, ஒரே கோடு, இசக்கியின் படம், மாமியாரின் தவணை. சலேத்மேரி குறுக்கே பேசாமல் கேட்டாள். அப்புறம் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். எத்தனை மாதம் என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டாள். மூன்று மாத மருந்துதான் என்றால் மெதுவாக இறக்கிவிடலாம் என்றாள். ஆறு வாரம் தன் கண்ணெதிரில் மருந்தைக் குறைக்க வேண்டும், அதன்பின் ஒரு மூன்று மாதம் வெறும் கையோடு அளத்து வேலை செய்தால் பழைய உடம்பு வரும், அப்போது படிக்கலாம். வேலையை மட்டும் விடக்கூடாது. வீட்டில் உட்கார்ந்த உடம்பு மாதிரிக்கு உதவாது. இசக்கியின் தவணை தாண்டிவிடும், ஆனால் வேறு வழியில்லை.

"வெறும் கையோட யாரு உள்ள விடுவா?" என்றாள் சலேத்மேரி.

"முப்பத்தேழ டாக்டரம்மா திருப்பித் தாரேன்னு சொல்லுதாவ. நம்ம செட்டுல சேந்துக்க."

"சேந்து? எண்பது பெட்டிதான் சொமப்பேன். அதுக்குத்தான வெளிய தள்ளுனிய?" அவள் குடத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள். "ஒந் தங்கச்சிக்காகக் கழட்டுதேன் மாரி. மாட்டேங்கல. எங்கம்மா கெடையில கெடந்தப்ப என் கட்ட நீதான சொமந்த. ஆனா எனக்கு மூணு புள்ள. நான் கொறையா சொமக்குறத செட்டு சொமக்கணும். அஞ்சு மாசம். எல்லாரும் சரின்னு சொல்லணும், ஒருத்திகூட போயி கணக்கப்பிள்ளைட்ட மொணங்கப்படாது. அப்பன்னா வாரேன்."

இது கேட்கக்கூடாத கேள்வி இல்லை. அளத்தில் எத்தனையோ தடவை கேட்காமலே செய்த காரியம்தான்.

சந்தனமாரி போய்க் கேட்டதற்கு, ராஜமணி கணக்கப்பிள்ளை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "செட்டு சம்மதிச்சா சேத்துக்கோங்க. எனக்கு எடை கொறையக்கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக் காப்பிக்கு இருபத்திரண்டு பேரும் தட்டுமேட்டில் உட்கார்ந்தபோது சந்தனமாரி எழுந்து நின்றாள். சால்வையிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். "ஒங்க ஒடம்புல ஏறி நிக்கது என் சீக்கு. நான் தெரிஞ்சு செய்யல. ஆனா எங்கிட்டருந்துதான் வந்துது."

யாரோ ஒருத்தி, "அதான் பாத்தேன், அன்னைக்கு ஒனக்கு மட்டும் சால்வை" என்றாள். சிரிப்பு வரவில்லை. ஒருத்தி தன் கழுத்தின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். வேறு ஒருத்தி, "எனக்கு நாப்பத்தெட்டு வயசு. எனக்கு இது நின்னா என்ன, ஓடுனா என்ன" என்றாள்.

"சின்னப் புள்ளைய ஏழு பேரு இருக்காளுவல்லா நம்ம செட்டுல" என்றாள் சந்தனமாரி. "சலேத்து வந்தாத்தான் அவளுவ தப்பிக்க முடியும். தலைக்கு ரெண்டு பெட்டி கூடச் சொமக்கணும். அஞ்சு மாசம். அதுக்கப்பறம் எல்லாருமே பழைய எண்பதுக்கு வந்துருவோம்."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. முகங்கள் மாறின.

"எல்லாரும் எண்பதா?"

"என் மவன் காலேஜுல சேந்துருக்கானே."

"நான் வண்டிக்குத் தவணை கட்டுதேனே மாரி."

ரெண்டு பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. எண்பதைப் பற்றித்தான் பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவும் ஓய்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். சந்தனமாரி இசக்கியைப் பார்த்தாள். ஏழு பேரில் ஒருத்தி வாயைத் திறந்தாலும் மற்ற ஆறு பேரும் திறப்பார்கள். கிழவிகள் அப்புறம் மறுக்க மாட்டார்கள்.

"நீ சொல்லு இசக்கி."

இசக்கி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "வேண்டாம்க்கா."

"என்னட்டி சொல்லுத?"

"நேத்து சம்பளம் குடுத்தேன்லா. அத்தை வாங்கிப் பாத்தாவ. மாடி எழுப்பணுமாம். ரெண்டு வருசத்துக்குப் புள்ளயே வேண்டாம்னு சொல்லிட்டாவ. புள்ள வந்தா ஒரு வருசம் அளத்துக்குப் போவ முடியாதுல்லா. தவணையும் கெடையாதாம், ஒன்னும் கெடையாதாம். ஸ்கேன் படத்த அவுகளே அடுப்புல போட்டுட்டாவ." அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. "இப்ப எனக்கு மொத சோறு போடுதாவக்கா, அவருக்கு முன்னால."

"ஒனக்கு வேணுமா வேண்டாமா? அதச் சொல்லு."

"எங்கிட்ட யாருக்கா அதக் கேட்டா?"

"நான் கேக்கேன்."

இசக்கியின் உதடு கோணியது. ஏதோ சொல்ல வந்தாள். ராஜமணி விசிலை ஊதினார். இசக்கி சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள். ஒரே சமயத்தில், ஒரே கையை ஊன்றி எழுந்தார்கள்.

பாத்தி வரப்பில் வரிசை உருவானது. நடுவில் சந்தனமாரியின் இடத்தை விட்டு வைத்திருந்தார்கள். அவள் அங்கேயே நின்றாள். "மாரி, ஏறு. பின்னால நிக்கோம்ல" என்று ஒரு குரல் கேட்டது. குரலில் பகை இல்லை. அவள் போய் நின்று பெட்டியைத் தூக்கினாள்.

வரிசை நகர்ந்தது. இருபத்திரண்டு பேரின் காலும் வரப்பில் சேர்ந்து விழுந்து சேர்ந்து எழுந்தது. சந்தனமாரி வேண்டுமென்றே அடியைக் குறைத்து நடந்து பார்த்தாள். பின்னாலிருந்த பெட்டி அவள் முதுகில் இடித்தது. மறுபடி இடித்தது. அவள் வேகத்தைக் கூட்டினாள். அதன்பிறகு அன்று அம்பாரம் ஏறும்வரை ஒருத்தியும் பின்தங்கவில்லை.